குடிலில் நின்ற முசே

நெல்லித்தோப்பு,
ஜனவரி 21, புதன் இரவு

அன்புள்ள ஃபாபிரிஸ் அண்ணாவுக்கு,

அனைஸ் எழுதுகிறேன். இங்கே அம்மா, அப்பா, நான் மூன்று பேரும் சுகம். நீயும் அந்தக் குளிரில் சளி பிடிக்காமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன். நம் வீட்டு நான்காவது ஆள், உன் தாடி ஓணான் முசே, சுகமாக இல்லை. அதைச் சொல்லத்தான் எல்லாரும் தூங்கினபிறகு சமையலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஓதெத் அத்தை நாளை ராத்திரி பாரிசுக்குக் கிளம்புகிறார்கள், உனக்குப் போகிற பார்சலை அம்மா கட்டி வைத்துவிட்டார்கள், இட்லிப் பொடி, வடகம், மூன்று கவர் போட்டுச் சுற்றின நெத்திலிக் கருவாடு. இட்லிப் பொடி டப்பாவுக்கு அடியில் இதை வைத்துவிடலாம் என்று இருக்கிறேன். போனில் சொல்ல முடியாது, போன் அம்மாவிடம் இருக்கிறது, நான் அனுப்புவதை எல்லாம் படிப்பார்கள். அதோடு உனக்கு இருபத்தாறாம் தேதி பரீட்சை முடிகிறவரை முசேயைப் பற்றி மூச்சு விடக்கூடாது என்று அப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

முசே சாப்பிட்டுப் பன்னிரண்டு நாள் ஆகிறது. வெளிக்குப் போய்ப் பதினாலு நாள். நீ சொன்னபடி காலண்டரில் தினமும் குறித்து வைத்திருக்கிறேன், அதனால் நாள் கணக்கு தப்பாது. முதலில் தீனிக்குப் போடுகிற சுவர்க்கோழிப் பூச்சியைப் பார்த்ததும் தலையைச் சாய்ப்பான், ஆனால் ஓடிப்போய்ப் பிடிக்கமாட்டான். அப்புறம் தலையும் சாய்க்கவில்லை. பொங்கல் அன்று தாடி கறுத்தது, அண்ணா. நீ இருக்கும்போது கண்ணாடியில் தன்னையே பார்த்துக் கோபப்பட்டால் கறுக்குமே, அரை மணியில் போய்விடுமே, அந்த மாதிரி இல்லை, காலையில் கறுத்தது சாயங்காலம்வரை அப்படியே இருந்தது. அம்மா இது குளிர்காலத் தூக்கம் என்றார்கள். பனிக்காலத்தில் சாப்பாடு குறையும், நிறையத் தூங்குவான், பயப்படாதீங்க என்று நீதானே சொல்லிவிட்டுப் போனாய். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் தூங்குகிற ஆள் ஏன் வாலைத் தூக்கி முக்கவேண்டும் என்று யோசனை வந்தது. தூக்கம் என்றால் ஒரு மூலையில் போய்ப் படுத்துவிடவேண்டும், இவன் படுப்பான், எழுவான், முக்குவான், மறுபடி படுப்பான். மூலைக்கடை கலியபெருமாள் அண்ணன் தராசில் போய் எடை பார்த்தேன், டிசம்பரில் நானூற்றுப் பன்னிரண்டு கிராம், போன வாரம் முந்நூற்று எழுபத்தொன்று. அந்த அண்ணன், பருப்பு போடுற தட்டுல ஓணானை வெக்கிறியே, வர்ற கஸ்டமர் என்ன நெனப்பான் என்று சத்தம் போட்டார், ஆனால் அவரே குனிந்து நம்பரைப் படித்துச் சொன்னார், தட்டைத் துடைத்தும் வைத்தார். திங்கட்கிழமை பார்த்தால் வலது பின்னங்கால் தரையில் இழுபடுகிறது. விரலால் தொட்டால் இடது காலை உடனே இழுத்துக்கொள்கிறான், வலது கால் கொஞ்சம் யோசித்து வருகிறது. வயிற்றில் வரவேண்டிய சாமான் வராததற்கும் காலுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குப் புரியவே இல்லை. உள்ளே அடைத்திருப்பது முதுகுப் பக்கம் நரம்பை அழுத்தினால் கால் அப்படி ஆகும் என்று டாக்டர் இன்றைக்குச் சொன்னார். உடம்பில் எது எங்கே போய் வலிக்கிறது பார்.

டாக்டர் பெயர் விஜயராகவன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அம்மாவும் நானும் முசேயைக் காய்கறிக் கூடையில் துண்டு விரித்துப் படுக்கவைத்துக் கொண்டுபோனோம். எங்களுக்கு முன்னால் இரண்டு நாய், ஒரு சண்டைச் சேவல். சேவல்காரர் கூடைக்குள் எட்டிப்பார்த்துவிட்டு, இதுக்கெல்லாமா வைத்தியம், எங்க தெருவுல வேலிக்கு வேலி உக்காந்திருக்கே என்றார். அதுங்க ஆஸ்திரேலியா ஓணான் இல்லிங்க என்று அம்மா முறைப்பாகச் சொன்னார்கள், உனக்காக அம்மா சண்டைக்கே போவார்கள் போல. டாக்டர் முசே மாதிரி ஒரு பியர்டட் டிராகனைக் கையால் தொடுவது இதுதான் முதல் தடவையாம், ஒளிக்காமல் சொன்னார். சென்னையில் அவரோடு படித்தவர் ஒருவர் இந்த மாதிரி ஜீவன்களைப் பார்க்கிறாராம், அவரைப் போனில் வைத்துக்கொண்டே அவர் சொல்லச் சொல்லப் பார்த்தார். வாயைத் திறந்து ஈறு நிறம் பார்த்தார், தாடை எலும்பு மெத்தென்று இருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தார், கெட்டியாகத்தான் இருக்கிறது, அதனால் சுண்ணாம்புச் சத்துக் குறைவு இல்லையாம். பிறகு வயிற்றை இரண்டு விரலால் தடவி, இங்க கட்டியா இருக்கு என்றார். என் விரலையும் பிடித்து வைத்துக் காட்டினார். ஊறவைத்த கொண்டைக்கடலையைத் துணிக்குள் முடிந்து வைத்த மாதிரி இருந்தது. அப்போதுதான் சென்னை டாக்டர் ஒன்று கேட்டார், இவர் அதை என்னைப் பார்த்துக் கேட்டார்.

"மணல், கல்லு ஏதாவது தின்னுச்சா பாப்பா?"

"இல்ல டாக்டர். பேப்பர் மேலதான் இருக்கும்."

அண்ணா, அது பொய். அம்மா பக்கத்தில் நின்றார்கள், என் வாய் தானாகச் சொல்லிவிட்டது. உனக்கு முழுசாகச் சொல்கிறேன். இந்தத் தடவை நம் தெரு அன்பியக் குடும்பங்களுக்குள் கிறிஸ்துமஸ் குடில் போட்டி வைத்தார்கள். போன வருஷம் ஜெஸ்டின் வீட்டில் தண்ணீர் ஓடுகிற குடில் வைத்து முதல் பரிசு வாங்கிவிட்டு மார்ச் மாதம்வரை அதையே பேசினான். நான் உயிருள்ள பிராணி வைக்கலாம் என்று நினைத்தேன். அப்பா வீராம்பட்டினத்திலிருந்து இரண்டு சாக்கு மணல் கொண்டுவந்து வரவேற்பறையில் பாலைவனம் மாதிரி கொட்டினார். மூன்று ராஜாக்களின் ஒட்டகப் பொம்மைக்குப் பக்கத்தில் முசேயை நிற்கவைத்தேன். எவ்வளவு அழகாக இருந்தது தெரியுமா, சீரியல் லைட் வெளிச்சத்தில் ஆடாமல் அசையாமல் நின்றான், பார்க்க வந்தவர்கள் பொம்மை என்று நினைத்துத் தொடப்போய் அலறினார்கள். கிறிஸ்துமஸ் அன்று தொடங்கி ஒன்பது சாயங்காலம் வைத்தேன். அங்கிருந்து நகராமல் இருக்க சுவர்க்கோழியையும் அங்கேயே போட்டேன். அவன் நாக்கை நீட்டிப் பூச்சியை எடுக்கும்போது நாக்கில் மணலும் ஒட்டிக்கொண்டு உள்ளே போனதை நான் பார்த்தேன். பூச்சி இல்லாத இடத்திலும் மணலை நக்கினான், அது ஏன் என்று ஆச்சரியமாகக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன், எடுக்கத் தோன்றவில்லை. மூன்றாம் பரிசு கிடைத்தது. முசேயின் கண்ணாடித் தொட்டிமேல் நீ மணல் கூடவே கூடாது என்று எழுதி ஒட்டினாயே, அதை நான் படிக்காமல் செய்யவில்லை. படித்துவிட்டுத்தான் செய்தேன். கொஞ்ச நேரம்தானே என்று இருந்துவிட்டேன்.

மணல் இல்லை என்று நான் சொன்னதால் இரண்டு டாக்டரும் பேசி, அப்படியானால் முட்டையாக இருக்கலாம் என்றார்கள். இவ்வளவு நாள் ஆண் என்று நினைத்தது பெண்ணாக இருக்கக்கூடுமாம், சின்னதில் வாங்கினால் பலபேருக்குத் தெரிவதில்லையாம். அம்மா நீ ஊருக்குப் போனதிலிருந்து இன்றைக்குத்தான் வாய்விட்டுச் சிரித்தார்கள், முசே இல்லடி, மதாம், ஐயா இல்ல, அம்மா என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்கள். எக்ஸ்ரே எடுக்கிற இடம் நாளைக் காலை பத்து மணிக்குத்தான் திறக்கும். அதுவரைக்கும் முட்டையிட இடம் தேடித்தான் தவிக்கிறதோ என்னவோ, ஒரு தொட்டியில் ஈரமணல் போட்டு உள்ளே விட்டுப் பாருங்கள், தோண்டினால் முட்டைதான் என்று சொல்லி அனுப்பினார். அப்பா முட்டி வலியோடு வண்டி எடுத்துக்கொண்டுபோய் மறுபடி வீராம்பட்டினம் மணல் கொண்டுவந்தார். அதில் கல் இருந்தால் குத்துமே என்று அம்மா மாவு சலிக்கிற சல்லடையில் சலித்தார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டு இருந்தேன், அண்ணா. இவ்வளவு பாடுபட்டவர்களிடம் இனி எப்படிச் சொல்வது என்று வாய் வரவில்லை. முசே அந்த மணலைத் தோண்டவில்லை. காலை இழுத்துக்கொண்டு இரண்டு அடி போனான், நாக்கை நீட்டி நக்கினான். எல்லாரும் படுத்ததும் அவனைத் தூக்கி என் மடியில் வைத்துக்கொண்டேன். இப்போது எழுதும்போதும் மடியில்தான் இருக்கிறான். எனக்குப் பயமாக இருக்கிறது. காலையில் மறுபடி மணலில் விடுவார்கள், நான் சொல்லாவிட்டால் விடுவார்கள். உனக்குச் சொல்லிவிட்டேன், ஆனால் நீ இதைப் படிக்கச் சனிக்கிழமை ஆகும். இதை எழுதும்போதுதான் அது உறைக்கிறது. கொஞ்சம் இரு.

சொல்லிவிட்டேன். அம்மாவை எழுப்பிச் சொன்னேன். அம்மா உடனே திட்டவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. எத்தினி நாளு என்று மட்டும் கேட்டார்கள். ஒன்பது என்றேன். கட்டிலில் உட்கார்ந்தபடியே கொண்டையை முடிந்துகொண்டு, "நீ ஜெபக்கூட்டத்துக்குப் போன அன்னிக்கி நானே அங்க பூச்சி போட்டேன்டி, மணலையும் தின்னும்னு யாரும் எனக்குச் சொல்லலியே, டாக்டரு கேட்டப்பகூட எனக்கு அது உறைக்கலியே" என்றார்கள். அப்பா விழித்துக்கொண்டு தொட்டியோடு மணலை வாசலில் கொண்டுபோய் வைத்தார். அம்மா டாக்டருக்குப் போன் போட்டார்கள், இரண்டாம் தடவை எடுத்தார். போனை என்னிடம் கொடுக்கச் சொன்னார். ஒன்பது சாயங்காலம், கடல் மணல், பூச்சியோடு சேர்ந்து போனது என்று எல்லாம் சொன்னேன். இப்பவாவது சொன்னியே பாப்பா, முட்டைன்னு நெனச்சு நாளைக்கும் நான் மணல்லதான் விட்டிருப்பேன் என்றார். இனி பூச்சி எதுவும் கொடுக்கக்கூடாது, இளஞ்சூட்டுத் தண்ணீரில் மார்வரைக்கும் மட்டும் நிற்கவைத்து வயிற்றை வால் பக்கமாக மெல்லத் தடவவேண்டும், அழுத்தக்கூடாது, பிறகு துடைத்து விளக்குக்குக் கீழே சூடாக வைக்கவேண்டும். எக்ஸ்ரேகாரரிடம் அவரே பேசி ஏழு மணிக்குத் திறக்கவைக்கிறாராம். எண்ணெய் மருந்தில் இறங்கினால் சரி, இறங்காவிட்டால் சென்னைக்குக் கொண்டுபோய் அறுத்து எடுக்கவேண்டி இருக்கும், அதையும் மறைக்காமல் சொன்னார். பிழைக்குமா என்று கேட்டேன். படம் பார்க்காமல் சொல்லமாட்டேன் என்றார்.

இப்போது துணி நனைக்கிற பேசினில் முசே நிற்கிறான், அம்மா தடவுகிறார்கள், நான் பக்கத்தில் உட்கார்ந்து இதை முடிக்கிறேன். தாடியில் கறுப்பு அப்படியேதான் இருக்கிறது. தண்ணீர் கொஞ்சம் குடித்தான். கடிதத்தை அம்மா படித்துவிட்டார்கள், கிழிக்கவேண்டாம், அவனுக்குத் தெரியட்டும் என்றார்கள். அம்மா சொல்லச் சொல்ல மீதியை எழுதுகிறேன். மாதா உன்னைக் கைவிடமாட்டாள், பரீட்சைக்கு முந்தின ராத்திரி கண்விழிக்காதே, வெறும் ரொட்டியைத் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே, ஞாயிறு பூசைக்குக் காதை மூடிக்கொண்டு போ. கருவாட்டை வறுக்கும்போது ஜன்னலைத் திற, போன தடவை மாதிரிக் கீழ்வீட்டுக்காரர்கள் போலீசைக் கூப்பிடப்போகிறார்கள். அப்பாவின் ஆசீர்வாதமும் உண்டு.

இனி நான் சொல்வது. நாளைக்கு எக்ஸ்ரே எடுத்ததும் உனக்குப் போன் வரும், அப்பாவும் சரி என்றுவிட்டார். படத்தில் என்ன இருந்தாலும் முதலில் நான்தான் பேசுவேன், மணலைப் பற்றி என் வாயால் சொல்வேன். கடிதம் அதற்குப் பிறகு வரட்டும். நீ எவ்வளவு திட்டினாலும் போனை அம்மாவிடம் கொடுக்கமாட்டேன்.

உன் தங்கை,
அனைஸ்