ஆறு நாற்பதுக்கு ஒரு வரி

டத்தோ கெராமாட் சாலை,
ஜார்ஜ்டவுன், பினாங்கு.
3 ஜனவரி 2026, சனிக்கிழமை

அன்புள்ள யுகேந்திரன் அண்ணனுக்கு,

வணக்கம். இந்தக் கடிதத்தில் நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். எனக்குச் சாதகமில்லாததையும் விடமாட்டேன். "லாக் பொய் சொல்லாது காமினி, யாரு மனசு நோகும்னு அதுக்குத் தெரியாது" என்று நீங்கள் சொல்வீர்கள். யார் எந்த நேரத்தில் நம் இணையப் பக்கத்துக்கு வந்தார்கள் என்று மெஷின் தானே எழுதிக்கொள்ளுமே, அதைப் போல எழுதப் பார்க்கிறேன்.

தீபாவளிக்கு அம்மாவுக்கு நீங்கள் அனுப்பிய சேலைப் பெட்டியின் மேல் உங்கள் ஜொகூர் முகவரி இருந்தது. அந்தத் துண்டைக் கிழித்து என் அகராதிக்குள் வைத்திருந்தேன். உங்கள் புதிய எண் அம்மாவிடம் மட்டும்தான் இருக்கிறது. கூப்பிட்டால் "நல்லா இருக்கேம்மா, வேலையில இருக்கேன்" என்று வைத்துவிடுகிறீர்கள். அதன் பிறகும் அம்மா கொஞ்ச நேரம் போனைக் காதிலேயே வைத்திருப்பார்.

நாங்கள் சுகம். அப்பாவுக்கு முட்டி வலி. ஆனாலும் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்கு மோட்டார் சைக்கிளில்தான் போகிறார். பள்ளி திறந்தால் நான் படிவம் நான்கு. உங்கள் அறையில்தான் படிக்கிறேன். மேசைக்கு அடியில் நம் பக்கத்தை வைத்திருக்கும் உங்கள் சர்வர் மெஷின் ஓடிக்கொண்டே இருக்கிறது. அந்த விசிறிச் சத்தம் இருப்பதால் அறையில் இன்னொருவர் இருப்பதுபோல் தோன்றும். "எல்லாரும் கர்னி மால் பக்கம் போறாங்க, நீ ஒரு டப்பாவோட உக்காந்திருக்கியே லா" என்று வகுப்புத் தோழி ஷெரில் கேலி செய்கிறாள். இரண்டு முறை கூப்பிட்டாள். இப்போது கூப்பிடுவதில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். தைப்பூச வெள்ளி ரதம் இந்த மாதம் 31ஆம் தேதி புறப்படுகிறது. ரதத்தோடு நடந்து, தன் போனிலிருந்து அது இருக்கும் இடத்தை அனுப்புகிற வாசு அண்ணன் நவம்பரில் வீட்டுக்கு வந்தார். இந்த வருடமும் 'ரதம் எங்கே' பக்கம் உண்டா என்று கேட்டார். அப்பா செய்தித்தாளை விரித்துக்கொண்டார். நான் உண்டு என்று சொல்லிவிட்டேன்.

போன வருடம் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நண்பகலில் பக்கம் அப்படியே நின்றுவிட்டது. எல்லார் போனிலும் ரதம் மெகசின் ரோட்டிலேயே இருந்தது. அதை நம்பி அப்பாவோடு வேலை செய்பவர்கள் அரை நாள் விடுப்பு எடுத்து, தொழிற்சாலை பஸ்ஸில் தேங்காய்களோடு நம் வாசலில் வந்து இறங்கினார்கள். ரதம் போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. உடைந்த தேங்காய் ஓடுகளுக்கு நடுவே அவர்கள் நின்றதை நான் மாடிப்படியிலிருந்து பார்த்தேன். "சிவநேசண்ணே, உங்க வீட்டு ரதத்துக்கு மட்டும் பஞ்சரா?" என்று ஒருவர் கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். அப்போதுதான் அப்பா அவர்கள் முன்னாலேயே, "ஒரு தேர் எங்க நிக்குதுன்னு சொல்லத் தெரியல, நீயெல்லாம் என்னடா எஞ்சினியர்" என்று உங்களைக் கேட்டார்.

அதற்கு முந்தைய மாதம், பக்கத்தை வெளியே ஒரு டேட்டா சென்டரில் வைக்க வேண்டும் என்று நீங்கள் சொன்னதும், "நம்ம வீட்டு சாமான எவன் வீட்டுலயோ கொண்டு போய் வைப்பியா?" என்று அப்பா மறுத்ததும் எனக்குத் தெரியும். அந்தப் பேச்சின்போதும் ரதத்தன்றும் நான் படிக்கட்டில்தான் இருந்தேன். அன்று எல்லார் முன்னாலும் நான் அதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இரண்டு வாரத்தில் நீங்கள் ஜொகூருக்குப் போய்விட்டீர்கள்.

வாசு அண்ணன் ஒரு வழி சொன்னார். "எங்க கம்பெனில பழைய சர்வரு கழிக்கிறாங்க தங்கச்சி. ரெண்டு ப்ராசசர். தூக்கவே ரெண்டு ஆளு வேணும்லா." அப்பாவுக்கு அது பிடித்திருந்தது. மெஷின் வலுவில்லாமல்தான் விழுந்தது என்று அவரும் நினைத்தார், நானும் நினைத்தேன். வாங்குவதற்கு முன் போன வருடத்து லாக்கைப் படித்துவிடலாம் என்று விடுமுறை முழுவதும் உட்கார்ந்தேன்.

பக்கம் நின்ற அந்த நேரத்தில் மெஷின் தன் சக்தியில் ஐந்தில் ஒரு பங்குகூடச் செலவழிக்கவில்லை. அது சும்மாதான் இருந்திருக்கிறது. பதினெட்டாயிரம் போன்கள் ஐந்து விநாடிக்கு ஒரு முறை கேட்டன. அதாவது விநாடிக்கு மூவாயிரத்து அறுநூறு. நம் வீட்டு இணைய வழியில் விநாடிக்குப் பதினைந்து பக்கங்கள்தான் வெளியே போக முடியும். தண்ணீர்ப் பந்தலில் பத்து அண்டா சர்பத்தை வைத்துக்கொண்டு ஒரே ஒருவர் ஊற்றினால் எப்படியோ, அப்படி. வாசு அண்ணனின் சர்வர் பதினோராவது அண்டா.

இதை ஒரு தாளில் எழுதி அப்பாவிடம் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். பிறகு, "அவன் சொன்னது இதானா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கீழே போய், மோட்டார் சைக்கிளைத் துடைத்தார். அது ஏற்கெனவே துடைத்ததுதான்.

ஆகவே நான் தேர்ந்தெடுத்தது இது. வெளியே ஒரு சிறிய சர்வரை வாடகைக்கு எடுத்திருக்கிறோம். தைப்பூச வாரத்துக்கு மட்டும் பெரிதாக்கி, பிறகு சுருக்கிக்கொள்ளலாம். அந்தச் சர்வருக்கும் போன்களுக்கும் நடுவே, பக்கத்தின் நகல்களை வைத்துக்கொண்டு போன்களுக்குப் பதில் சொல்ல வேறு பல இடங்களில் சர்வர்கள் இருக்கும். ஊற்றுவதற்குப் பல கைகள். எந்த ஊரில் சர்வர் வேண்டும் என்று கேட்டார்கள். கோலாலம்பூர் பினாங்குக்குப் பக்கம். நான் ஜொகூரைத் தேர்ந்தெடுத்தேன். வேகத்தில் பெரிய வித்தியாசமில்லை என்பது உண்மை. ஆனால் அது மட்டும் காரணமில்லை என்பதையும் எழுத வேண்டும். அப்பாவிடம் ஊரைச் சொன்னேன். "சரி, அவன் கிட்டயே இருக்கட்டும்" என்றார்.

இனி எழுதப் போவதுதான் கடினம்.

நீங்கள் பாயான் லெப்பாஸில் வேலை செய்தபோது, நான் பள்ளியிலிருந்து திரும்பிவிட்டேனா என்று பார்க்க மாடி ஜன்னலில் கீழே சாலையைப் பார்த்தபடி கேமரா வைத்து ஒரு பக்கம் செய்தீர்கள். 'ஜன்னல்' என்று அதற்குப் பெயர். வேறு எந்தப் பக்கத்திலிருந்தும் அதற்கு வழி கிடையாது. அதன் முகவரி உங்களுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

தைப்பூசம் முடிந்தால் நம் தளத்துக்கு யாரும் வருவதில்லை. ஆனால் போன மார்ச்சிலிருந்து ஒவ்வொரு நாளும் காலை ஆறு நாற்பதுக்கு லாக்கில் ஒரு வரி இருக்கிறது. யாரோ ஜன்னலைத் திறக்கிறார்கள். ஒரு நிமிடம், சில நாள் மூன்று நிமிடம். செப்டம்பரில் சாலையில் வெள்ளம் ஏறிய நாளில் முப்பத்தொரு முறை. ஆறு நாற்பது உங்கள் இரவு ஷிப்ட் முடியும் நேரம் என்று நினைக்கிறேன்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. காலையில் எழுந்ததும் அந்த வரி வந்திருக்கிறதா என்று பார்ப்பேன். வந்திருந்தால் நேரத்தை நோட்டில் குறித்துவிட்டுப் பல் தேய்க்கப் போவேன். நவம்பரில் இரண்டு நாள் வரவில்லை. அந்த இரண்டு நாளும் சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். என்ன என்று அம்மா கேட்டார், பரீட்சை என்று பொய் சொன்னேன்.

புதிய இடத்துக்குப் போன பிறகும் ஜன்னல் இருக்கும். கேமராவே படத்தை நிமிடத்துக்கு ஒரு முறை ஜொகூர் சர்வருக்கு அனுப்பும். நீங்கள் எப்போதும்போல் பார்க்கலாம். ஆனால் உங்களுக்குப் பதில் சொல்வது நம் மெஷினாக இருக்காது. எனக்கு மொத்த எண்ணிக்கை மட்டும்தான் வரும், அதில் தேடுபொறிகளின் வருகையும் கலந்திருக்கும். நீங்கள் வந்தீர்களா என்று எனக்குத் தெரியாது.

ஜன்னலுக்காக மட்டும் பழைய மெஷினை ஓட விடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். முடியும். ஆனால் நீங்கள் சொல்லாமல் பார்ப்பதும், நான் சொல்லாமல் எண்ணுவதுமாக எத்தனை வருடம் போகும்? அந்த வரி வந்துகொண்டே இருந்தால் நான் இந்தக் கடிதத்தை எழுதியிருக்கவே மாட்டேன். நாளைக் காலை மெஷினை நிறுத்தப் போகிறோம்.

ஒன்று கேட்கிறேன், அண்ணே. 31ஆம் தேதி ரதம் மெகசின் ரோட்டைத் தாண்டும்போது அது எங்கே இருக்கிறது என்று பதினெட்டாயிரம் பேருக்கு நான் சொல்லிவிடுவேன். நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று எனக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும். வர முடிந்தால் வாருங்கள். முடியாவிட்டால் ஒரு வரி எழுதுங்கள். தூங்கும் நேரத்துக்குத் தூங்குங்கள். முருகன் உங்களை நல்லபடியாக வைத்திருக்கட்டும்.

உங்கள் அன்புத் தங்கை,
காமினி

பி.கு. ஞாயிறு காலை. உறையை ஒட்டுவதற்கு முன் இதையும் சேர்க்கிறேன். அப்பா ஆறரைக்கே மேலே வந்துவிட்டார். அவரே நிறுத்துகிறேன் என்றார். மேசைக்கு அடியில் குனிந்து, முட்டி வலியோடு உட்கார்ந்தார். நான் கட்டளையைத் தட்டச்சு செய்யப் போனபோது, கொஞ்சம் இரு என்றார். எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. அவர் திரையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். சில மாதங்களாக அவர் காலைத் தேநீரைச் சமையலறையில் குடிக்காமல், கீழே சாலையோரம், ஜன்னல் கேமராவுக்கு நேர் எதிரே, மோட்டார் சைக்கிள் பக்கத்தில் நின்று குடிப்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வரி வந்த நேரங்களைக் குறிக்கும் என் நோட்டு இந்த மேசையில் எப்போதும் திறந்தேதான் கிடக்கும்.

"வந்துட்டானா?" என்று கேட்டார்.

ஆறு நாற்பத்தொன்றுக்கு வரி வந்தது. வந்துவிட்டார் என்றேன். அப்பா தலையாட்டினார். அந்த வரி மறையாமல் இன்னும் இரண்டு நிமிடம் அப்படியே வைத்திருந்தோம். பிறகு அவர் கையை நீட்டிப் பொத்தானை அழுத்தினார். விசிறி நின்றது. முதலில் நீல விளக்கு அணைந்தது, அதன் பிறகு பச்சை. 6.44க்கு எல்லா விளக்குகளும் அணைந்திருந்தன.