குழாயில் மாறாத நீலம்

1941 மார்கழி, செவ்வாய் இரவு

சகலருக்கும் இதனால் அறியத் தருவது: எங்கள் வீட்டுச் சேவல் இன்றும் விடிந்த பிறகே கூவியது.

மற்றச் செய்திக்கு இந்தக் கம்பீரம் இல்லை. அப்பாவின் நீரிழிவுக்குப் பழைய தெளிந்த இன்சுலின் மட்டும் போதுமா, புதிய கலங்கல் இன்சுலினையும் கலந்து போடுவது நல்லதா என்று டொக்டர் ஒத்துப் பார்க்கிறார். ஊசி போடுவதும், சிறுநீரை நீல மருந்தோடு கொதிக்கவைத்து நிறம் பார்ப்பதும் என் வேலை. சர்க்கரை கூடினால் செங்கல் நிறம் வரும். இல்லாவிட்டால் நீலம் மாறாது.

இன்று பின்னேரம் முதல்தடவையாக நீலம் அப்படியே நின்றது.

"கலவை வெண்டிட்டுது அம்மா. இனி என்னை டொக்டர் ஐயா எண்டு கூப்பிடுங்க."

"முதல்ல கையைக் கழுவுங்க, டொக்டர் ஐயா," என்றார் அம்மா.

விளக்கு வைக்கும் நேரம் அப்பாவுக்கு உடம்பெல்லாம் வேர்த்தது. "கண் இருட்டுது மனே," என்றவர் பிறகு பேசவில்லை. அம்மா சீனித் தண்ணீர் பருக்கிய பிறகுதான் என்னை அடையாளம் கண்டார்.

"மத்தியானம் வடிவாச் சாப்பிட்டவர்தானே," என்று அம்மா இன்னும் புலம்புகிறார்.

கலங்கல் மருந்து இரவிலும் சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்குமாம். அடிக்கடி போய் அப்பாவின் மூச்சைக் கேட்டுவிட்டு வருகிறேன். நாளை டொக்டரிடம் நீலம் என்று மட்டும் சொன்னால் இதே அளவைத் தொடரச் சொல்லிவிடுவார். முழுவதையும் சொல்லத்தான் வேண்டும். வென்றது கலவை இல்லை. டொக்டர் தடுத்தும் அப்பா களவாகப் பிள்ளையார் கதை விரதம் பிடிக்கிறார். "அம்மாட்டச் சொல்லாத மனே," என்று மத்தியானச் சோற்றை என் பக்கம் தள்ளினார்.

கத்தரிக்காய்ப் பாற்கறியோடு முழுவதையும் நான்தான் தின்றேன்.