முதல் தரத்திலேயே சரி என்றவள்

அன்பு மகன் கியானூஷுக்கு, தோருதிலிருந்து அப்பா எழுதுவது. ஆண்டவன் கருணையில் நானும் உன் அம்மாவும் நலம், அவள் முட்டிகள் மட்டும் எங்களோடு ஒத்துப்போகாமல் தனிக்குடித்தனம் நடத்துகின்றன. நீயும் மருமகள் எலாஹேயும் நலம்தானே, குட்டி பரஸ்தூவுக்குப் பல் முளைத்துவிட்டதா? தொலைபேசியில் உன் அம்மா என் காதோடு ஒட்டி உட்கார்ந்திருப்பதால் அங்கே சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன். வெள்ளிக்கிழமைதோறும் நீ "விமானம் ஏறி வந்து எங்களோட கொஞ்ச நாள் இருங்களேன்" என்கிறாய், அவள் "எதுக்குப்பா உங்களுக்குத் தொந்தரவு" என்கிறாள், நீயும் விட்டுவிடுகிறாய். அதன்பிறகு அன்று முழுக்க எனக்குத் தேநீர்கூடப் பாதிக் கோப்பைதான். ஒருநாள் வாய்விட்டுக் கேட்டேன். "படி ஏற முடியாத காலோட போய்ப் புள்ளைக்குப் பாரமா இருக்கணுமா, அவனும் ஒப்புக்குத்தானே கூப்பிடுறான்" என்றாள்.

போன வாரம் எதிர்வீட்டு அர்தலான் வந்தான், மலையேறும் கூட்டத்துக்கு இப்போது அவன்தான் தலைவன். ஷெவி அருவிக்குப் போகிறோம் என்றவன், வாசலில் நின்றபடியே, "நீங்களும் வரணும், நீங்க இல்லாம எங்களுக்கு என்ன அருவி" என்றான். நம் ஊர் வழக்கத்தில் யார்தான் இப்படி மரியாதைக்குக் கூப்பிடுவதில்லை, யார்தான் மூன்று தரம் மறுப்பதில்லை? உன் அம்மாவோ முதல் தரத்திலேயே "சரிப்பா, ரயில் எத்தனை மணிக்கு" என்று கேட்டுவிட்டாள். பாவம் அர்தலான், அவனுக்கு விழிபிதுங்கிவிட்டது, எனக்கும்தான்.

ரயிலைவிட்டு இறங்கிக் கொஞ்ச தூரம் நல்ல பாதை, பிறகு பள்ளத்தாக்கு இரண்டு பக்கமும் நெருக்கிக்கொண்டது. பாறையோடு பாறையாகச் செங்குத்தாக ஏற வேண்டும், கட்டிவைத்திருக்கும் கம்பியை விட்டால் கதை முடிந்தது. பாதி வழியில் அவள் உட்கார்ந்துவிட்டாள். கூட்டமே நிற்கிறதே என்று நான் மரியாதைக்கு "எங்களுக்காக நிக்காதீங்க, போங்க" என்றேன். விட்டுவிட்டு எப்படிப் போவது என்று இரண்டு தரமாவது சொல்வார்கள் என நம்பித்தான் சொன்னேன். அர்தலான் "சரி ஹூஷங் மாமா, திரும்பும்போது கூட்டிக்கிறோம்" என்று போயே போய்விட்டான். உன் அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று தெரியுமா. ரொட்டியும் பாலாடைக்கட்டியும் வாதுமைக்கொட்டையும் தின்றோம். "நம்ம புள்ள பதினேழு வயசுல இங்க வந்துட்டு, பாறைக்கு வாய் இருக்கும்மா, அதுலேருந்து அருவி கொட்டுதுன்னான். புளுகாதடான்னேன்" என்றாள், பிறகு கம்பியைப் பிடித்து எழுந்தாள். போதும் ஃபரங்கீஸ், திரும்பிவிடலாம் என்று கெஞ்சினேன். "இதை ஏறிட்டா விமானத்துப் படி என்ன பெரிய படியா" என்றாள். அப்போதுதான் அவள் எதற்காகக் கிளம்பினாள் என்பது இந்த மரமண்டைக்கு ஏறியது. அவள் கம்பியைப் பிடித்து இழுக்க, நான் பின்னாலிருந்து அவளைத் தள்ள, உட்கார்ந்து உட்கார்ந்து போய்ச் சேர்ந்தோம். மற்றவர்கள் சாப்பிட்டு முடித்துக் கெட்டிலைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். நீ சொன்னபடியே பாறையின் குகைவாயிலிருந்து அத்தனை தண்ணீரும் கொட்டியது. சாரலில் தலைத்துணி சொட்டச் சொட்ட வெகுநேரம் நின்றிருந்துவிட்டு, "அவன் புளுகலைங்க" என்றாள்.

திரும்பியதும் முட்டி வீங்கி இரண்டு நாள் படுக்கை. பயப்படாதே, இப்போது நடக்கிறாள். நேற்று பரணிலிருந்து பெரிய பெட்டியை இறக்கச் சொன்னாள், கேட்டால் தூசி துடைக்கத்தான் என்கிறாள்.

ஆகவே மகனே, இந்தக் கடிதம் கிடைத்தபின் வரும் வெள்ளிக்கிழமை நீ கூப்பிட்டால் அவள் முதல் தரத்திலேயே சரி என்பாள். ஒப்புக்கு என்றால் கூப்பிடாதே, நான் அவளைச் சமாதானம் செய்துகொள்கிறேன், உன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இருக்காது. மனதார என்றால் கூப்பிடு. நான் எழுதியதாக மூச்சு விடாதே. மூவரும் நோய்நொடியின்றி நீடூழி வாழுங்கள், குழந்தையின் இரண்டு கண்களுக்கும் என் முத்தம். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, நான் பழக்கதோஷத்தில் மூன்று தரம் வேண்டாம் என்பேன். நாலாவது தரமும் கேள்.

உன் அப்பா,
ஹூஷங்