மஞ்சள் கயிறு கட்டிய சேவல்

பிப். 9, ஞாயிறு

பனி. மலை உச்சி தெரியவே நேரமாயிற்று. துணி ஊற வைத்தேன், துவைக்கவில்லை.

தெருவில் ஸ்பீக்கர் கட்டிய மொபெட். "கோழிக்குஞ்சேய், நாட்டுக் கோழிக்குஞ்சேய்." அடி அண்ணாமலையில் இத்தனை வருடம் இருந்து இன்றுதான் வண்டியை நிறுத்தினேன். பெட்டையாகப் பார்த்துக் கொடு என்றேன்.

"எல்லாமே பெட்டைதான் சார். நீங்களே கை வுட்டு எடுத்துக்கங்க."

நானே எடுத்தேன். மூலையில் ஒடுங்கிக் கிடந்தவை வேண்டாம். கால் தடித்து, கை விட்டால் எகிறிக்கொண்டு வருகிறவையாகப் பார்த்து ஒரு டஜன். பஸ் ஸ்டாண்டு லாட்ஜில் மேனேஜராக உட்கார்ந்து, முகம் பார்த்தே ரூம் கொடுத்தவன் நான். குஞ்சு பார்க்கத் தெரியாதா.

வசந்தா சென்னை போய் நாலாவது மாதம். மகள் கவிதா வேலைக்குப் போக வேண்டும், பேத்தியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். பொங்கலுக்கு வந்துவிடுவேன் என்றாள். பொங்கலுக்கு வீடியோ கால் வந்தது.

கோழி விஷயத்தை வசந்தாவிடம் போனில் சொன்னேன்.

"கோழியா? செடிக்குத் தண்ணி ஊத்தவே நான் போன் பண்ணி ஞாபகப்படுத்தணும் உங்களுக்கு."

அட்டைப்பெட்டி, உமி, குண்டு பல்பு, தண்ணீர்த் தட்டு. தட்டில் கூழாங்கல் போட வேண்டுமாம், இல்லாவிட்டால் குஞ்சு விழுந்து செத்துவிடுமாம். வீடியோவில் பார்த்தது.

பிப். 12, புதன்

பௌர்ணமி. நேற்று மாலையிலிருந்து கிரிவலக் கூட்டம். ஒருவர் வாசலில் நின்று தண்ணீர் கேட்டார், ஆந்திராக்காரர். கொடுத்தேன். "தேங்க்ஸ்" என்றார். இன்று நேரில் பேசிய ஒரே ஆள்.

விடியற்காலை கரண்ட் போய்விட்டது. நான் தூங்கிவிட்டேன். பல்பு அணைந்ததும் குஞ்சுகள் சூட்டுக்காக ஒன்றன்மேல் ஒன்று ஏறி, அடியில் இருந்த இரண்டு நசுங்கிவிட்டன. கொய்யா மரத்தடியில் புதைத்தேன். வ.விடம் சொல்லவில்லை.

மார்ச் 6, வியாழன்

கால்நடை மருந்தகம். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு டவுன் பஸ். வெள்ளைக்கழிச்சல் நோய் வராமல் இருக்கக் கண்ணில் சொட்டு மருந்து. ஒவ்வொன்றையும் நான் பிடிக்க, கம்பவுண்டர் விட்டார். உள்ளங்கையில் அதன் நெஞ்சு துடிப்பது தெரிகிறது. ஒரு உயிரைக் கையில் பிடித்து எவ்வளவு நாள் ஆயிற்று.

பூனை ஒன்றைக் கொண்டுபோனது. மீதி ஒன்பது.

வாங்க: குருணை, வலை, மிளகாய்த்தூள் (எனக்கு).

ஏப். 20, ஞாயிறு

பக்கத்து வீட்டு முருகேசன் வந்தான். ஆட்டோ ஓட்டுகிறான், வாய் ஜாஸ்தி. கூண்டைப் பார்த்து இடுப்பில் கை வைத்து நின்றான்.

"இன்னாணா, சேவல் பண்ணையா வச்சிக்கிற?"

"எது சேவல்?"

"கொண்டையப் பாருணா. இது, இது, இது... ஏழு. பெட்டை ரெண்டே ரெண்டு. யார்ணா பொறுக்கனது?"

 முட்டை போடப் போகிறவை எல்லாம் அந்த மொபெட்காரன் கூடையில் மூலையில் ஒடுங்கிக் கிடந்தன. துடிப்பாக இருக்கிறது, கால் தடித்திருக்கிறது என்று நான் பார்த்துப் பார்த்து எடுத்தது சேவல். லாட்ஜிலும் இப்படித்தான் இருக்கும். டிப்டாப்பாக வந்தவன்தான் பெட்ஷீட்டைச் சுருட்டிக்கொண்டு போவான்.

வ.விடம் சொன்னேன். ரொம்ப நேரம் சிரித்தாள். அவள் சிரித்துக் கேட்டு நாளாயிற்று. இன்னும் நாலு சேவல் இருந்தாலும் பரவாயில்லை என்று தோன்றியது.

மே 8, வியாழன்

அக்னி நட்சத்திரம். மலையிலிருந்து அனல் இறங்குகிறது. எல்லாம் வாயைப் பிளந்து மூச்சு வாங்குகின்றன. செவப்புச் சேவல்தான் ரொம்ப மோசம். துவைக்கிற கல்மேல் நிறுத்தி, சொம்பில் தண்ணீர் மொண்டு தலையிலும் கழுத்திலும் விட்டேன். உடம்பு முழுக்கச் சிலுப்பி என் சட்டையெல்லாம் நனைத்துவிட்டது.

இதற்கு மட்டும் பெயர் வைத்திருக்கிறேன். மேனேஜர். வாசற்படியில் நின்று போகிறவர் வருகிறவரை எல்லாம் ஒரு பார்வை பார்க்கிறது, ஐடி கார்டு கேட்கிற மாதிரி.

மற்றவை தீனிக்கு வரும். இது தீனி தீர்ந்த பிறகும் நிற்கும்.

மே 24, சனி

கூவ ஆரம்பித்துவிட்டன. முதலில் தொண்டை கட்டின மாதிரி, இப்போது ஏழும் போட்டி போட்டுக்கொண்டு. பின்தெரு கெஸ்ட் ஹவுஸ் வாட்ச்மேன் வந்தார். "வெள்ளைக்காரங்க தியானம் பண்றாங்க சார். காலைல கொஞ்சம் கூவாம பாத்துக்கங்களேன்."

எப்படிப் பார்த்துக்கொள்வது என்று கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. டீ குடித்துவிட்டுப் போனார். நல்ல மனுஷன். இன்னொரு நாள் புகார் சொல்ல வந்தால் தேவலை.

மதியக் குளியல் தினமும் நடக்கிறது. மேனேஜர் இப்போது சிலுப்புவதில்லை. சொம்பைப் பார்த்தால் அதுவே கல்மேல் ஏறி, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு நிற்கிறது. போட்டோ எடுத்து வ.வுக்கு அனுப்பினேன்.

ஜூன் 3, செவ்வாய்

பேத்திப் பாப்பாவுக்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். நேற்று முழுக்கக் கையில் போன். சமைக்கவில்லை. கிளம்பி வரவா என்றேன். "வந்து இன்னா பண்ணப் போறீங்க, இங்க படுக்கவே எடமில்ல" என்றாள் வ. சரிதான். இருந்தாலும் பையில் இரண்டு சட்டை எடுத்து வைத்தேன்.

இன்று மாலை வ. போன். காய்ச்சல் இறங்கிவிட்டது. அழுதுகொண்டே சொன்னாள்.

"ஏங்க, நம்ம முனீஸ்வரனுக்கு நேந்துக்கினேன். ஜொரம் எறங்கட்டும், சேவல் வெட்டறேன்னு. நீங்க போட்டோ அனுப்பிச்சீங்களே, செவப்புச் சேவல், அதான் கண்ணு முன்னாடி வந்துச்சு. அதையே சொல்லிட்டேன்."

"சரி."

"யாருக்கும் வித்துடாதீங்க. கால்ல மஞ்சக் கயிறு கட்டி வுடுங்க. நான் வந்து முடிக்கறேன்."

கயிறு கட்டினேன். காலை உதறிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டது.

குழந்தை பிழைத்தது. அதற்குமேல் எதுவும் நினைக்கக் கூடாது. ஆனால் இரண்டு விஷயம் நினைத்தேன். ஒன்று, மேனேஜர் போய்விடும். இரண்டாவது, வேண்டுதலை முடிக்க வ. வந்தே தீர வேண்டும். எது பெரிதாகத் தெரிந்தது என்று எழுத வெட்கமாக இருக்கிறது.

ஜூன் 15, ஞாயிறு

சேவல்களுக்குள் ஓயாத சண்டை. ஒன்றுக்குக் கண் போகப் பார்த்தது. பெட்டைகள் பாவம், ஏறி ஏறி முதுகில் இறகே இல்லை, மூலையில் பதுங்கித் தீனிக்குக்கூட வருவதில்லை. இரண்டு பெட்டைக்கு ஒரு சேவலே ஜாஸ்தி என்கிறான் முருகேசன். அவன் வீட்டுக்கு விருந்தாளி. ஒன்றைக் கேட்டான், கொடுத்தேன். மற்ற ஐந்தையும் அவனே ஆட்டோவில் ஏற்றிச் சந்தையில் விற்றுக்கொடுத்தான். நான் போகவில்லை.

மேனேஜரின் காலைப் பார்த்தான். "கயிறு கட்டிட்டியா? அப்ப இத்த யாரும் தொட முடியாது."

மதியம் அவன் மனைவி டிபன் பாக்ஸில் குழம்பு கொடுத்தனுப்பினாள். இறங்காது என்று நினைத்தேன். இறங்கியது. நன்றாக இருந்தது, சோறு போதவில்லை. வ. போன பிறகு இவ்வளவு சாப்பிட்டதில்லை. பாத்திரம் கழுவும்போதுதான் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

ஜூலை 20, ஞாயிறு

ஆடி பிறந்துவிட்டது. ஊர் முழுக்க வேப்பிலை, மைக் செட்டு. முதல் ஆடி ஞாயிறுக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள். மெத்தையை வெயிலில் போட்டேன், அவளுடைய தலையணை உறையைத் துவைத்தேன். நேற்று போன்: வேலைக்காரம்மா நின்றுவிட்டாள், கவிதாவுக்கு லீவு இல்லை.

"அடுத்த வாரம் பாக்கலாங்க."

பெட்டை முதல் முட்டை போட்டது. சின்னது, ஓட்டில் ரத்தக் கோடு. சூடாக இருந்தது. காட்ட ஆளில்லை. மேனேஜரிடம் காட்டினேன். ஐடி கார்டு பார்க்கிற அதே பார்வை.

ஆக. 7, வியாழன்

வெக்கை. ஆடிக் காற்றில் மண்தான் வருகிறது. மதியம் ஆனால் மேனேஜர் கல்மேல். பழக்கமாகிவிட்டது, எனக்கும்.

வ. போன்.

"பாப்பாக்கு மறுபடி சளி. சாமி கோச்சிக்கினாரோன்னு பயமா கீதுங்க. ஆடி முடியறதுக்குள்ள நீங்களே போய் வெட்டிப் படைச்சிட்டு வந்துடுங்க. என்னால இப்ப வர முடியாது."

"நீ எப்பதான் வருவே?"

கேட்டிருக்கக் கூடாது. 

"பாப்பா ஸ்கூல் போற வரைக்கும் இப்படித்தாங்க."

ஸ்கூல் போக இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. போனை வைத்த பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என்னால் இந்த வீட்டில் தனியாக இருக்க முடியவில்லை. போனில் அதைச் சொல்ல வரவில்லை.

ஆக. 10, ஞாயிறு

முருகேசன் ஆட்டோவில் காலையிலேயே கிளம்பினோம். தண்டராம்பட்டு ரோடு, ஏரிக்கரை. மேனேஜர் என் மடியில், துணிப்பையில் தலை மட்டும் வெளியே. வழி முழுக்க வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தது.

பூசாரி எனக்குப் பங்காளி முறை. "யாரு வேண்டுதல்?"

"வசந்தாது."

"அவங்க வர்ல?"

"சென்னைல கீறா."

தலையில் தண்ணீர் ஊற்றிச் சேவல் சிலுப்பினால்தான் முனீஸ்வரன் உத்தரவு கொடுத்ததாக அர்த்தம். அதற்குப் பிறகுதான் கத்தி. பூசாரி சொம்பில் தண்ணீர் மொண்டு ஊற்றினார்.

மேனேஜர் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு நின்றது.

இன்னொரு சொம்பு. மஞ்சள் தண்ணீர். கொண்டையிலிருந்து சொட்டுகிறது. அசையவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. துவைக்கிற கல், சொம்பு, கோடை முழுக்க மதியத்தில் நான் செய்த அதே வேலை. அது குளிக்க வந்திருக்கிறது.

"சிலுப்புடா நைனா, எனக்கு சவாரி கீது" என்றான் முருகேசன். பூசாரி முறைத்தார். மூன்றாம் சொம்பும் ஊற்றிப் பார்த்துவிட்டுக் கத்தியை ஓரமாக வைத்தார்.

"எனக்குத் தெரிஞ்சி இப்படி நின்னதில்ல. அய்யா ஒத்துக்கல. நேந்துக்கினவங்க வந்து நிக்கணும். அமாவாசைக்குக் கூட்டினு வா."

வாயைத் திறந்தால் ஒரு வரியில் சொல்லிவிடலாம். திறக்கவில்லை. திரும்பும்போது பையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் போன். நடந்ததைச் சொன்னேன், குளியலைத் தவிர. வ. சொன்னாள்:

"என்னத்தான் கேக்கறாரு. வேண்டிக்கினவ நான், உங்க கைல குடுத்தனுப்பிச்சா எப்படி ஏத்துப்பாரு?"

பின்னால் கவிதா குரல். "நான் லீவு போடறேம்மா, நீ போய்ட்டு வா."

"அமாவாசைக்கு வரேங்க. அதுக்கு மொத நாள் வெள்ளிக்கிழம சாயந்திரம் பஸ்ஸு. முடிச்சிட்டு மக்யா நாள், ஞாயித்துக்கிழம, கெளம்பிடுவேன்."

ஆக. 14, வியாழன்

அவள் வர இன்னும் எட்டு நாள். ஒட்டடை அடித்தேன். அவளுடைய துளசிச் செடி காய்ந்துவிட்டது. அதே மாதிரி ஒன்று வாங்கித் தொட்டியில் வைத்தேன். கண்டுபிடித்துவிடுவாள்.

யோசித்துக்கொண்டே இருக்கிறேன். அவள் தண்ணீர் ஊற்றி அது சிலுப்பிவிட்டால் வேண்டுதல் முடிந்தது, ஞாயிற்றுக்கிழமை பஸ். சிலுப்பாவிட்டால் பாப்பாவுக்கு ஏதோ ஆகப்போகிறது என்று பயந்து நடுங்குவாள். ஆனால் அடுத்த அமாவாசைக்கும் வருவாள். அதற்கு அடுத்ததற்கும்.

பாப்பா நன்றாக இருக்கிறாள். சளி போய்விட்டது. இன்று போனில் "தாத்தா, கொக்கரக்கோ" என்றாள். முனீஸ்வரா, நீ எல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாய். குழந்தை மேல் வைத்துவிடாதே. எதுவானாலும் என்னோடு வைத்துக்கொள்.

குளியலை நிறுத்திவிட வேண்டும். நேற்றும் இன்றும் நிறுத்தினேன். மேனேஜர் மதியம் முழுக்கக் கல்மேல் நின்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தது.

ஆக. 21, வியாழன்

காலையிலிருந்து மழை. மலையே தெரியவில்லை. ஓட்டிலிருந்து வாசலில் கொட்டுகிறது. பெட்டைகள் இரண்டும் கூண்டுக்குள், இறகு சிலிர்த்து, குளிரில்.

நாளை சாயந்திரம் வ. வருகிறாள். முருகேசனிடம் பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோ சொல்லியாயிற்று. "அண்ணி வந்தா உனுக்கு மூஞ்சே மாறிடும்ணா" என்றான்.

வாங்க: பால், தயிர், கற்பூரம், எலுமிச்சை, அவள் குடிக்கிற காபித்தூள். முட்டை ஆறு சேர்த்து வைத்திருக்கிறேன், பாப்பாவுக்கு.

வெயில் துளியும் இல்லை. மதியம் குடையைப் பிடித்துக்கொண்டு, சொம்பில் தண்ணீர் மொண்டு கல்லடிக்குப் போனேன். மேனேஜர் எனக்கு முன்னாலேயே ஏறி நின்றிருந்தது.