மூன்றாவது பெடல்

பே சிட்டி, மிச்சிகன்
1996 ஜனவரி 14

அன்புள்ள வெர்ன் மச்சானுக்கு,

லானி எழுதிக்கொள்வது. இங்கே நானும் பெக்கியும் குளிரில் விறைத்தது போக மீதி நலம். செயின்ட் லூயிஸ் ஆஸ்பத்திரியில் உங்களுக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே எடுத்தாயிற்று என்று டார்லா அக்கா போனில் சொன்னாள். இனி உங்களோடு ஓட்டப் பந்தயம் வைத்தால் நான் ஜெயிக்கலாம். இப்போதும் உறுதியாகச் சொல்ல முடியாது, என் தொப்பை அப்படி.

உங்களிடமும் போனில்தான் பேசலாம் என்று பார்த்தேன். தகடு அடிக்கும் ஆலையில் இருபத்தைந்து வருஷம் காதைக் கொடுத்துவிட்டு வந்த ஆள் நீங்கள். நான் கத்தினால் இந்த ஊருக்கே கேட்கும், உங்களுக்கு மட்டும் கேட்காது. அதனால் பேனாவை எடுத்தேன். பள்ளிக்கூடம் என்னை எட்டாவதோடு கைகழுவியது. பிழை வந்தால் தள்ளிப் படியுங்கள்.

உங்கள் பாண்டியாக் கார் என் ஷெட்டில் பத்திரமாக இருக்கிறது. பத்திரம் என்றால், நீங்கள் ராணுவத்திலிருந்து வந்து 69-இல் புதிதாக வாங்கினீர்களே, அந்த வண்டியின் எலும்பு இருக்கிறது. தரை விரிப்பைத் தூக்கிப் பார்த்தேன். டிரைவர் சீட்டுக்குக் கீழே தரை தெரிகிறது. காரின் தரை இல்லை, என் ஷெட்டின் தரை. பனி கரைய நகராட்சி லாரியில் ரோடெல்லாம் உப்புத் தூவுகிறவனும் நான், அந்த உப்பு தின்ற வண்டிக்கு ஒட்டுப் போடுகிறவனும் நான். என் ஒருவனை வைத்தே ஒரு தொழிற்சாலை நடத்தலாம்.

துருவை எல்லாம் வெட்டி எறிந்துவிட்டுப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்துகொண்டிருந்தேன். பெக்கி எட்டிப் பார்த்தாள்.

“இவ்வளவு புதுத் தகடு போட்டா இது பழைய காரா, புதுக் காரா?”

“நீயும்தான் பல்லு மாத்திக்கிட்ட. உன்னைப் புதுப் பொண்டாட்டின்னா சொல்றேன்?”

ஹீட்டரை அணைத்துவிட்டுப் போய்விட்டாள். மீதி வெல்டிங்கை நடுங்கிக்கொண்டே செய்ததால் கொஞ்சம் கோணல். மேலே விரிப்பு வந்துவிடும், தெரியாது.

கோடையில் நீங்கள் வரும்போது வண்டி ஓடும். எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது என்று எழுதுங்கள்.

உங்கள் தொல்லை பிடித்த மைத்துனன்,
லானி


செயின்ட் லூயிஸ்
1996 ஜனவரி 29

அன்பு மாப்பிள்ளைக்கு,

உன் கடிதத்தை உன் அக்கா இரண்டு முறை படித்துச் சிரித்தாள். எனக்குச் சத்தம் கேட்கவில்லை. தோள் குலுங்கியது தெரிந்தது.

செயற்கைக் காலுக்கு அளவெடுக்க ஒருவர் வந்தார். கிளட்ச் மிதிக்க முடியுமா என்று கேட்டேன். என் காதருகே குனிந்து கத்தினார்: “மொதல்ல பாத்ரூம் வரைக்கும் நடங்க சார், ரேஸ் அப்புறம் ஓட்டலாம்!” அடுத்த படுக்கைக்காரர் வரை சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

இங்கே நான் சக்கர நாற்காலியில் போனால் எல்லோரும் சுவரோடு ஒட்டிக்கொண்டு வழி விடுகிறார்கள். கையில் பொம்மையோடு வந்த ஒரு பெண் குழந்தைகூட அப்படியே ஒட்டிக்கொண்டு நின்றது. உன் கடிதத்தில்தான் எனக்கு யாரும் வழி விடவில்லை. அடிக்கடி எழுது.

முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் போடு. பழைய டிரம் பிரேக்கை நம்பி இனி நான் அழுத்த முடியாது. பெல்ட், டயர், லைட் எல்லாம் உன் இஷ்டம். நான் ஓட்டுகிற மாதிரி செய்து வை, அது போதும். இந்தக் கோடையில் அந்த வண்டியை நானே எடுத்துக்கொண்டு போய் ஏரிக்கரையில் நிறுத்த வேண்டும். அது நடந்தால் நான் பழைய ஆள். நடக்காவிட்டால் என்ன ஆள் என்று எனக்கே தெரியவில்லை.

அன்புடன் உன் மச்சான்,
வெர்ன்


பே சிட்டி
1996 மார்ச் 10

அன்புள்ள மச்சானுக்கு,

டிஸ்க் பிரேக் போட்டாயிற்று. தெருமுனை வரை ஓட்டிப் பார்த்து ஒரு மிதி மிதித்தேன். வண்டி நின்றது, என் தொப்பி நிற்கவில்லை. முன் கண்ணாடியில் போய் மோதியது. பெல்ட்டும் புதிது, தோளோடு சேர்த்து இழுக்கிற மாதிரி. பட்டி பார்த்து, தேய்த்து, அடிப் பூச்சு வரை வந்துவிட்டேன். பச்சை பெயிண்ட் வாங்கி வைத்திருக்கிறேன். வெயில் வந்ததும் அடிக்க வேண்டும்.

இப்போது பெரிய சேதிக்கு வருகிறேன். போன வாரம் அக்கா கூப்பிட்டாள்.

“லானி, நேத்து அவர் பாத்ரூம்ல விழுந்துட்டார்டா. புதுக் கால் மடங்கிடுச்சு. தூக்கவும் விடல. தரையிலயே உக்காந்து அழுதார்.”

“மச்சானா? அழுதாரா?”

“நான் சொன்னேன்னு எழுதித் தொலைக்காத.”

எழுதித் தொலைத்துவிட்டேன். போனை வைத்துவிட்டு ஷெட்டுக்குப் போய் வண்டியில் உட்கார்ந்து கிளட்சை மிதித்துப் பார்த்தேன். என் காலுக்கே அது கனம். அப்போதுதான் நீங்கள் எழுதியது நினைவுக்கு வந்தது: நான் ஓட்டுகிற மாதிரி செய்து வை. எனக்கு விளங்கிவிட்டது. மச்சான் வாய்விட்டுக் கேட்கிற ஆள் இல்லை, இப்படிச் சுற்றி வளைத்துத்தான் சொல்வார்.

ஆகவே, மச்சான், கியர் பெட்டியை இறக்கிவிட்டு ஆட்டோமேட்டிக் போட்டுவிட்டேன்! கிளட்ச் பெடலே இல்லை. இரண்டே பெடல், இரண்டுக்கும் வலது கால் போதும். இடது காலை அக்கா மடியில் வைத்துக்கொண்டுகூட ஓட்டலாம்.

பழைய பெட்டியைக் கிளாட்வின் ஊர் பெல்கிக்கு விற்றுவிட்டேன். அவன் வண்டியும் அதே 69, பெட்டி என்றோ தொலைந்துபோனது. பச்சைக் குழந்தையை வாங்குகிற மாதிரி போர்வையில் சுற்றி எடுத்துப் போனான். உடம்பிலும் என்ஜினிலும் பெட்டியிலும் ஒரே எண், எல்லாம் பொருத்தம் என்று நீங்கள் பெருமை பேசுவீர்கள். தெரியும். எண்ணா மச்சான் வண்டி ஓட்டப்போகிறது? நீங்கள் ஓட்டப்போகிறீர்கள்.

போட்டோ வைத்திருக்கிறேன். இரண்டு பெடல் தெரிகிற மாதிரி பெக்கி எடுத்தாள். என் பின்பக்கமும் கொஞ்சம் விழுந்திருக்கிறது, மன்னிக்கவும்.

உங்கள் கெட்டிக்கார மைத்துனன்,
லானி


செயின்ட் லூயிஸ்
1996 மார்ச் 21

லானி,

போட்டோ கிடைத்தது.

இங்கே பயிற்சிக் கூடத்தில் மர வேலை தெரிந்த ஒருவர் இருக்கிறார். நான் கேட்டதால் பலகையில் லாரி ஸ்பிரிங்கை வைத்து ஒரு பெடல் செய்து கொடுத்தார். அதைத் தினமும் மிதித்து வந்தேன். வெட்டிய இடம் புண்ணாகி ரத்தம் வரும். துடைத்துக்கொண்டு மறுபடி மிதிப்பேன். பாத்ரூமில் விழுந்தது அந்தக் களைப்பில்தான். தரையில் உட்கார்ந்து அழுதது, அன்று காலையில் முதல் தடவையாகப் பெடல் அடி வரை போய்த் தொட்ட சந்தோஷத்தில். உன் அக்காவிடம் சொல்லவில்லை. உனக்கும் எழுதவில்லை. கோடையில் வந்து, நீ வாய் ஓயாமல் கேலி செய்துகொண்டிருக்கும்போது, கிளட்சை மிதித்து முதல் கியர் போட்டு உன் வாயை அடைக்கலாம் என்று இருந்தேன்.

நான் ஓட்டுகிற மாதிரி என்றால், நான் எப்படி ஓட்டுவேனோ அப்படி. நீ வேறு மாதிரி படித்துவிட்டாய். என் எழுத்தின் குற்றமாகவும் இருக்கலாம்.

நான் விழுந்தேன் என்று கேட்டதும் நீ என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நீயும் சுவரோடு ஒட்டிக்கொண்டு வழி விட்டுவிட்டாய்.

அந்தப் பெட்டியைத் திருப்பி வாங்கி வா.

வெர்ன்


பே சிட்டி
1996 ஏப்ரல் 14

அன்புள்ள மச்சானுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் பெக்கி, “கேலி பண்ண வேண்டிய இடத்துல உதவி பண்ணிட்டு வந்து நிக்கிற” என்றாள். அன்றைக்கே லாரியை எடுத்துக்கொண்டு கிளாட்வின் போனேன்.

பெல்கி ஷெட்டில்தான் இருந்தான். பெட்டி மேஜை மேல் இருந்தது, இன்னும் வண்டியில் ஏற்றவில்லை. எனக்கு உயிர் வந்தது.

“பெல்கி, தப்பு நடந்துபோச்சு. பெட்டி திரும்ப வேணும்.”

“வித்த பொருளைக் கேட்டு வர்ற முதல் ஆள் நீதான்.”

“என் மச்சானுக்கு வேணும்டா. அவரு அதுலதான் ஓட்டுவாரு.”

“ஒத்தக் காலுன்னு சொன்ன?”

“அதை அவர்கிட்ட போய்ச் சொல்லு, தைரியம் இருந்தா.”

தலையைச் சொறிந்துகொண்டே பணத்தை எண்ணி வாங்கினான். பிறகு எடுத்துக்கொள் என்றான். தூக்கினேன். எண் இருக்கிற பக்கம் கையில் வழவழவென்று பட்டது. வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். பளபளவென்று மொட்டையாக இருந்தது.

“நம்பர் எங்கடா?”

“தேச்சுட்டேன். என் வண்டி நம்பரை அடிக்கணும்ல? அப்பத்தானே பொருத்தம் வரும்.”

“அது எங்க நம்பர்டா!”

“வித்தப்புறம் என்ன உங்க நம்பரு? எதுக்குக் கத்துற? எண் அச்சு இதோ இருக்கு, கொண்டு போ. உன் நம்பரையே நீ அடிச்சுக்க. எவன் கண்டுபிடிப்பான்?”

அவனை அடிக்கலாம் என்றுதான் வந்தது. ஆனால் மச்சான், அவன் தேய்த்தது அவன் பெட்டியை. விற்றவன் நான்.

வீட்டுக்கு வந்து ஆட்டோமேட்டிக்கை இறக்கினேன். பழைய பெட்டியை ஏற்றினேன். கிளட்ச் பெடல் மறுபடி இருக்கிறது, மூன்று பெடல். எண் மட்டும் இல்லை. அடித்துவிட்டு உங்களிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். அச்சு மேஜை மேல்தான் இருக்கிறது, எண் எனக்கு மனப்பாடம். நீங்கள் அடியில் படுத்துக்கொண்டு டார்ச் அடித்து வாசிக்க, நான் எத்தனை தடவை கேட்டிருப்பேன்! முதல் எண்ணை வைத்துச் சுத்தியலை ஓங்கவும் செய்தேன். கை இறங்கவில்லை. அடித்தால் பொய் எண். விட்டால் மொட்டைப் பெட்டி. நீங்கள் சொல்கிறபடி செய்கிறேன்.

மச்சான், எனக்குக் கேலி பேசத் தெரியும், வெல்டிங் தெரியும். கேட்டுவிட்டுச் செய்யத் தெரியாமல் போய்விட்டது. வாருங்கள். வண்டி திணறி நின்றால் சிரிப்பேன். இறங்கி வந்து தள்ள மாட்டேன்.

லானி


செயின்ட் லூயிஸ்
1996 ஜூன் 2

லானிக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. பெட்டி திரும்பி வந்ததும், எண்ணை அடிக்காமல் என்னிடம் சொன்னதும் சரி. நீ அப்படித்தான் செய்வாய் என்று உன் அக்கா முன்பே சொன்னாள்.

உன் போட்டோ வந்த மறுநாளிலிருந்து நான் பயிற்சிக் கூடத்துக்குப் போகவில்லை. ஏப்ரலில் உன் கடிதத்தைப் படித்த பிறகு மறுபடி போனேன். அதற்குள் கால் வற்றிவிட்டது. செயற்கைக் காலின் குழிக்குள் அது சுற்றுகிறது. பலகைப் பெடல் பாதி வரை இறங்கி நழுவிவிடுகிறது. வேறு கால் செய்து தருவதாகச் சொல்கிறார்கள். நடக்க அது போதும். அதை வைத்துக் கிளட்ச் மிதிக்கும் ஆசை வருமா என்று சில வாரம் காத்திருந்து பார்த்தேன். வரவில்லை.

எனக்குக் கால் இல்லை என்று நீ நினைத்ததில் தப்பில்லை. எனக்குக் கால் இல்லைதான். அதை நினைக்காத ஒருவன் இருக்கிறான் என்பதை வைத்துக்கொண்டுதான் மிதித்தேன். இப்போது நீ சிரித்தாலும், யோசித்துவிட்டுச் சிரிக்கிறாய் என்று எனக்குத் தெரியும்.

எண்ணை அடிக்காதே. அது அதே பெட்டிதான் என்று உனக்கும் எனக்கும் தெரியும், வேறு யாரும் நம்ப மாட்டார்கள். வாங்க வருகிறவரிடம் வேறு பெட்டி என்றே சொல்லி வண்டியை விற்றுவிடு. பச்சை பெயிண்ட்டை அடித்துவிட்டு விற்பதா, அப்படியே விற்பதா என்பது உன் விருப்பம்.

நாங்கள் இங்கேயே தங்குவதாக முடிவு செய்திருக்கிறோம். கீழ்த்தளத்தில் வீடு கிடைத்திருக்கிறது, படி இல்லை. உன் அக்காவுக்கு ஞாயிறுதோறும் போன் செய். எனக்கு எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
வெர்னன் ஹாஸ்கல்