இரண்டாம் பாகத்தில் கதவைத் திறக்காத அம்மா

கீலுங்,
செப்டம்பர் 18.

அன்பு மகள் பெய்ரோங்குக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் உன் அப்பாவும் சுகம், கீலுங் மழையும் சுகமாக ஒரு நாள் விடாமல் பெய்துகொண்டிருக்கிறது. நீயும் உன் வீட்டுக்காரரும் வான்கூவரில் நல்லபடியாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். நினைத்துக்கொள்வதை விட்டால் வேறு வழி இல்லை, வருஷத்துக்கு ஒருமுறை புத்தாண்டு அட்டையில் 'இங்கே குளிர் அதிகம்' என்று எழுதி அனுப்புகிற மகளைப் பற்றி வேறென்ன தெரிந்துகொள்ள முடியும். ஏழு வருஷம், ஏழு அட்டை, ஏழு குளிர். இங்கே சந்திரக் கணக்கு ஏழாம் மாதத்தில் ஆவிகளுக்கு வைக்கிற படையல் எல்லாம் முடிந்து, வந்த ஆவிகள் வயிறு நிறையத் தின்றுவிட்டு ஊர் திரும்பிவிட்டன. அவை வருஷம் தவறாமல் வந்து போகின்றன, அதையும் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி. இழுவைப் படகு வேலையை விட்டு நான்கு வருஷம் ஆகியும் காலையில் துறைமுகத்துக்குப் போய் நின்று, மற்றவர்கள் கயிறு கட்டுவதில் குற்றம் கண்டுபிடித்துவிட்டு வருகிறார். நம் வாடகைப் புத்தகக் கடை முன்னைவிட நன்றாகவே ஓடுகிறது, அதற்குக் காரணம் ஒரு நாவல், அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

'மூன்று தலைமுறை முத்துகள்' என்று பெயர். எழுதியவர் 'வெள்ளி மேகம்' என்று போட்டிருக்கிறது. முதல் பாகம் போன வருஷம் வந்தது, இரண்டாம் பாகம் இந்த மே மாதம், மூன்றாவது வரப்போகிறது என்று பின் அட்டையில் இருக்கிறது. தைபேயில் மலைச்சரிவில் ஒரு மாளிகை, அதில் கப்பல் கம்பெனிக் குடும்பம், பெண்கள் எல்லாரும் காலையில் பல் விளக்கும்போதே பட்டு உடுத்தியிருக்கிறார்கள். அந்த வீட்டு எஜமானி முத்துமாலையைக் கழற்றாமல் தூங்குகிற கோடீஸ்வரி, மகளின் காதலுக்கு எமன். படிக்கிற யாருக்கும் அவளைப் பிடிக்காதபடி பார்த்துப் பார்த்து எழுதியிருக்கிறார் வெள்ளி மேகம். ஆனால் அந்தக் கோடீஸ்வரி விருந்தில் முழு மீனைத் தின்னும்போது ஒரு பக்கம் முடிந்ததும் திருப்பிப் போடாமல், முள்ளைத் தூக்கிவிட்டு அடியில் உள்ளதைத் தின்கிறாள். மருமகப் பிள்ளையாக வரப்பார்க்கிறவன் தெரியாமல் மீனைத் திருப்பிவிட, அவன் கையைச் சாப்பாட்டுக் குச்சியால் தட்டுகிறாள். தைபே கோடீஸ்வரிக்கு மீனைத் திருப்பினால் எந்தப் படகு கவிழப்போகிறது? நம்மைப்போல் வீட்டு ஆம்பிளையைக் கடலுக்கு அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்கிற துறைமுகத்துக்காரி அல்லவா அப்படித் தின்பாள். அங்கேயே எனக்கு உறுத்தியது. கீலுங்கில் எழுதத் தெரிந்தவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். ஐம்பத்தேழாம் பக்கத்தில் அவளுக்கு இடது காதுக்குப் பின்னால், முடிக்குள்ளே, ஒரு மச்சம் வந்தது. எனக்கு அப்படி ஒன்று இருப்பது எனக்கே மறந்துபோயிருந்தது. இரண்டு கண்ணாடி வைத்து, கழுத்து சுளுக்கிக்கொண்டு பார்த்தேன். இருக்கிறது. எனக்குத் தலைச்சாயம் பூசிவிட்டவள் உலகத்தில் ஒருத்திதான், அவள் குளிர் அதிகம் என்று அட்டை போடுகிறவள். மறுக்க வேண்டாம் பெய்ரோங், பெற்றவளுக்குத் தெரியாதா. அப்பாவிடம் சொன்னேன். தன்னை முதல் அத்தியாயத்திலேயே விமான விபத்தில் நடிகையோடு சேர்த்துக் கொன்றுவிட்டாய் என்று அவருக்கும் தெரிந்தது. வருத்தப்படுவார் என்று பார்த்தால், "நடிகையோடதானே செத்தேன், பரவாயில்ல"ன்னு சொல்லிவிட்டு இரண்டாம் பாகத்தைக் கழிப்பறைக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார். பல் செட் செய்கிற உன் வீட்டுக்காரருக்கு நாவலில் வேறொரு கப்பல் கம்பெனியின் வாரிசாகப் பதவி உயர்வு கிடைத்ததற்கும் என் வாழ்த்தைச் சொல்லிவிடு.

நம் கடை வழக்கம் உனக்குத் தெரியும், படித்த புத்தகத்தையே மறுபடி எடுத்துவிடாமல் இருக்க ஒவ்வொருத்தரும் கடைசிப் பக்கத்தில் தங்கள் அடையாளத்தைப் போட்டு வைப்பார்கள். மீன் கடை ஆ-ஹோங் மீன்வால் வரைவாள், முடிதிருத்தும் கடை மெய்-யு சின்னதாய்ச் சீப்பு, ஓய்வுபெற்ற தூ வாத்தியார் சிவப்பு மையில் ஒரு புள்ளி. உன் புத்தகத்தில் அடையாளம் போடுவதோடு யாரும் நிற்கவில்லை. மெய்-யு சீப்புக்குப் பக்கத்தில் 'நான்கு இடத்தில் அழுதேன்' என்று எழுதினாள். ஆ-ஹோங் அதன் கீழே 'முன்னூறு பக்கத்தில் ஒருத்தியாவது அரிசி கழுவினாளா?' என்று கேட்டாள். அதற்கு மெய்-யு, அரிசி கழுவுவதைப் படிக்கவா காசு கொடுத்துப் புத்தகம் எடுக்கிறோம், அதுதான் வீட்டிலேயே இருக்கிறதே என்றாள். பக்கம் நிரம்பிவிட்டது. நான் பழைய நாள்காட்டித் தாளை வெட்டி ஒட்டினேன், அதுவும் நிரம்பி இன்னொன்று ஒட்டினேன். ஆ-ஹோங் படித்துக் கொடுத்த பிரதி மீன் நாற்றம் அடிக்கிறது என்று மெய்-யு தொட மறுத்ததால் இரண்டாவது பிரதி வாங்க வேண்டியதாயிற்று, சண்டை மட்டும் பழைய பிரதியிலேயே நடந்தது. உன் கதாநாயகியின் கொண்டையை மெய்-யு சந்தையில் மூன்று பேருக்குப் போட்டுவிட்டாள், பின்னாலிருந்து பார்த்தால் யாரைக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. தூ வாத்தியார் வழக்கம்போல் 'என் மனைவிக்கு' என்று சொல்லித்தான் எடுத்துப் போகிறார். அந்த அம்மாள் மகன் வீட்டோடு காவ்ஷியுங் போய் இரண்டு வருஷம் ஆகிறது. 'கவர்ச்சி அதிகம், கருத்து குறைவு, பொழுதைக் கொல்லும் எழுத்து' என்று சிவப்பு மையில் எழுதியவர், மூன்றாம் பாகம் எப்போது வரும் என்று வாரத்துக்கு இரண்டு தடவை கேட்கிறார். மனைவி கேட்கிறாளாம்.

இவர்கள் எதில் வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளட்டும் என்று நான் சும்மா இருந்தேன். வேடிக்கையாகக்கூட இருந்தது, மகள் எழுதியதைப் பற்றி ஊரே சண்டை போடுகிறது என்று உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும். வம்பு இருநூற்றுப் பதினான்காம் பக்கத்தில் வந்தது. மகள் பெட்டியோடு மழையில் நிற்கிறாள், மாளிகைக் கதவு திறக்கவில்லை, உள்ளே எஜமானி பியானோ வாசித்துக்கொண்டிருக்கிறாள். பியானோ! மெய்-யு அந்தப் பக்கத்துக்கு 'கல்நெஞ்சுக்காரி, அந்த முத்துமாலையாலேயே கழுத்தை நெரிக்க வேண்டும்' என்று எழுதினாள். என் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்து, நான் கொடுத்த இஞ்சித் தேநீரைக் குடித்துக்கொண்டே எழுதினாள். ஆ-ஹோங் மட்டும் உன் எஜமானிக்குக் கட்சி, "அந்தம்மா சொன்னதுல என்ன தப்பு? ஒருத்தியக் கட்டி விட்டவனுக்கு எந்தத் தாய் பொண்ணக் குடுப்பா? நான்னா கதவ மட்டுமில்ல, சன்னலையும் சாத்தியிருப்பேன்"னு சத்தம் போட்டாள். அவள் பேசியது எனக்கு ஆதரவு என்றுதான் முதலில் நினைத்தேன். வீட்டுக்குள் போய் வெங்காயத்தாள் நறுக்கும்போது பார்த்தால், மெய்-யு திட்டியதைவிட அதுதான் அதிகமாக வலித்தது.

மறுநாள் கடையில் யாரும் இல்லாத நேரத்தில் நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். பென்சிலை எடுத்து நாள்காட்டித் தாளில் நானும் எழுதினேன். ஒரு வரியோடு நிறுத்தியிருக்கலாம், கை நிற்கவில்லை, தாள் முடிந்து ஓரத்தில் ஏறி எழுதினேன். 'கதவுக்கு வெளியே நின்றவளுக்கு உள்ளே பியானோ வாசித்தது எப்படித் தெரியும்? பார்த்தாளா? அந்த அம்மா கதவுக்குப் பின்னாலேயே குடையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தால்? திறக்கத்தான் வந்திருந்தால்? வாய் ஒன்று சொல்லிவிட்டது, கை அதை மீறத் தெரியாமல் நின்றுவிட்டது என்றால்?' என்றெல்லாம் எழுதிவிட்டு, புத்திசாலித்தனமாக அடையாளம் எதுவும் போடாமல் விட்டேன். இருபது வருஷமாகக் கடையில் உள்ள ஒவ்வொரு புத்தகத்திலும் திருப்பித் தரும் தேதியை எழுதுகிறவள் நான்தான், என் கையெழுத்தைத் தெரியாதவர் இந்தச் சந்தில் யார் இருக்கிறார்கள் என்பது அந்த நேரத்தில் தோன்றவே இல்லை. இதைப் படித்தால் நீ சிரிப்பாய், சிரி.

சனிக்கிழமை மூன்று பேரும் ஒன்றாகவே கடையில் இருந்தார்கள். தூ வாத்தியார்தான் தாளைப் பார்த்தார், பார்த்துவிட்டு மூடப் போனார், ஆ-ஹோங் பிடுங்கிக்கொண்டாள். படித்தாள். என்னைப் பார்த்தாள். வாசலில் சுருட்டி வைத்திருந்த இரும்புக் கதவைப் பார்த்தாள். ஏழு வருஷத்துக்கு முன்னால் நீ மழையில் வந்து நின்ற அந்த நாளைச் சந்து முழுக்க யாரும் மறக்கவில்லை பெய்ரோங், பட்டப்பகலில் புத்தகக் கடைக் கதவு கீழே இறங்கியது அந்த ஒரு நாள்தான், புயலுக்குக்கூட நாம் பாதிதான் இறக்குவோம். "அக்கா, நீங்க பின்னாலதான் நின்னீங்களா?"ன்னு கேட்டாள். அவளுக்குச் சின்னக் குரலில் பேசவும் வரும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். நான் அடுப்பில் என்னவோ கிடப்பது போல உள்ளே போய்விட்டேன், அடுப்பே பற்ற வைக்கவில்லை. திரும்பி வந்தபோது ஆ-ஹோங் போயிருந்தாள். மெய்-யு அழிப்பானை வைத்துத் தான் எழுதிய கல்நெஞ்சுக்காரியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள், தாள் ஈரம் பட்டு ஊறியிருந்ததால் கிழிந்து ஓட்டையே விழுந்துவிட்டது. வாத்தியார் என் எழுத்துக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரே ஒரு புள்ளி வைத்திருந்தார். வேறு எதுவும் எழுதவில்லை. அப்புறம் கதையை யார் எழுதியது என்று ஒருவரும் என்னிடம் கேட்கவில்லை, கேட்க வேண்டிய தேவையும் அவர்களுக்கு இல்லை.

சரி, அவர்களிடம் சொல்லாததை உன்னிடம் சொல்கிறேன். கதவை இறக்கினேன், உண்மை. அதற்கு முன்னால் நான் பேசியதும் உண்மை, எல்லாவற்றுக்கும் நான்தான் பொறுப்பு, அப்பாவுக்குப் பங்கில்லை. அவர் பாவம் அன்றைக்கு என் பின்னால் நின்று "திற, திற"ன்னு சொல்லிக்கொண்டே இருந்தார். அந்தக் கதவு அடியில் துருப்பிடித்து நான்கு விரல் உயரம் இடைவெளி இருந்தது உனக்கு நினைவிருக்கும், அது வழியாக மழைத்தண்ணீர் கடைக்குள் வந்துகொண்டிருந்தது. துடைக்கத்தான் குனிந்தேன். உன் வெள்ளைச் செருப்பு தெரிந்தது, உன் வீட்டுக்காரருடைய கறுப்பு ஷூ தெரிந்தது, நடுவில் சின்னதாக ஒரு ஜோடி சிவப்பு ரப்பர் பூட்ஸ். அவருடைய முதல் மனைவியின் குழந்தை. அந்தக் குழந்தையைத்தானே நான் அத்தனை பேச்சுப் பேசினேன், அடுத்தவள் பெற்றதைத் தூக்கிச் சுமக்கவா உன்னைப் படிக்க வைத்தேன் என்று. அது தண்ணீரில் குதித்துக் குதித்து விளையாடிக்கொண்டிருந்தது, உன் செருப்பு நகராமல் நின்றது. உன் அப்பா ஒவ்வொரு தடவை கடலுக்குப் போகும்போதும், நீ ஒவ்வொரு நாள் பள்ளிக்கூடம் போகும்போதும் கால் நனையாமப் போய்ட்டு வா என்று சொல்லித்தான் அனுப்பியிருக்கிறேன். அதைச் சொல்லக் குடையையும் எடுத்துக்கொண்டுதான் வந்து நின்றேன். சொல்வதற்குள் மூன்று ஜோடிக் காலும் திரும்பிவிட்டன. அந்தக் குடை இன்னும் அதே மூலையில் இருக்கிறது, யாரையும் எடுக்க விடுவதில்லை. பியானோ நம் வீட்டில் எங்கே இருக்கிறது, நீயே சொல்.

உன் நாவலில் மச்சம் வரைக்கும் எல்லாம் வந்துவிட்டது, குழந்தையை மட்டும் காணோம். ஏன் விட்டாய் என்று யோசித்தேன். என் வாயிலிருந்து அவளைக் காப்பாற்றத்தான் விட்டாய் என்று நினைக்கிறேன், சரிதான், என் பேச்சு அப்படி இருந்தது. நான்கு வயதுக் குழந்தை என்ன பாவம் செய்தது. இப்போது பதினொரு வயது இருக்கும். பெயர் என்னவென்றுகூட நான் கேட்டதில்லை, கேட்காததற்கு வெட்கமாக இருக்கிறது.

மூன்றாம் பாகத்தை நீ எப்படி வேண்டுமானாலும் முடி, எழுதுகிறவள் நீ. கிழவி மூன்றாம் அத்தியாயத்திலேயே மனம் திருந்திச் செத்துப்போவாள் என்று வாத்தியார் சொல்கிறார், அப்படித்தான் இந்த மாதிரிக் கதைகளில் நடக்குமாம், மனைவி சொன்னாளாம். ஆ-ஹோங், கிழவி சாகக் கூடாது, ஒரு தடவையாவது அரிசி கழுவட்டும் என்கிறாள். கதவு கடைசிவரை திறக்காவிட்டால் இனிமேல் புத்தகமே எடுக்க மாட்டேன் என்கிறாள் மெய்-யு. நான் எந்தக் கட்சியும் இல்லை, திருந்திச் சாவதற்கு மட்டும் எனக்கு இப்போது நேரம் இல்லை. ஆனால் எழுதுவதற்கு முன்னால் ஒருமுறை இங்கே வந்து பார்த்துவிட்டு எழுது. துருப்பிடித்த கதவை அப்பா போன மாதம் மாற்றிவிட்டார், புதியது ஒரு விரலால் தள்ளினாலே மேலே போகிறது, நான் தினமும் காலையில் தள்ளிப் பார்க்கிறேன்.

இரவெல்லாம் உட்கார்ந்து எழுதிக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே. இந்தக் கடிதத்தோடு வரும் பொட்டலத்தில் காய்ந்த கணவாய் மீன் வைத்திருக்கிறேன், பிரிக்கும்போது சன்னலைத் திறந்துகொள், பக்கத்து வீட்டார் பயந்துவிடப் போகிறார்கள். உன் வீட்டுக்காரருக்கு, நாவலில் வருபவருக்கு அல்ல, பல் செட் செய்கிறவருக்கு, என் ஆசி. கடலைக் காக்கிற மாட்சு தாய் உங்கள் மூவரையும் காப்பாள். புத்தாண்டுக்கு மூன்று பேரும் வாருங்கள். மழைதான் பெய்யும், கால் நனைந்தாலும் பரவாயில்லை, வந்துவிடுங்கள்.

மறக்காமல் பதில் போடு, குளிரைப் பற்றி வேண்டாம். அந்தப் பெண்ணின் பெயரையும் கால் அளவையும் எழுது. பூட்ஸ் இங்கேயே வாங்கி வைத்துவிடுகிறேன்.

உன் அம்மா,
யுவே-சின்.