பெரியப்பா வேடம்

4.9.2006, விருத்தாசலம்

தங்கை பூங்கோதை வீட்டுக்கு வந்துவிட்டேன். சென்னையில் நான் இருக்கும் சாலிகிராமத்தில் தெரு முழுக்க சினிமாக்காரர்கள். ஒருத்தர் கண்ணில் பட்டால் போதும், சேதி ஷூட்டிங்குக்குப் போய்விடும்.

வெள்ளிக்கிழமை காலை வாய் கொப்பளிக்கும்போது தண்ணீர் இடது பக்கமாகத் தானே வழிந்தது. கண்ணாடியில் பார்த்தால் பாதி முகம் தொங்கிக் கிடக்கிறது. முகவாதம் என்றார் டாக்டர். "பெரும்பாலும் சரியாயிடும். சில பேருக்கு முழுசா வராது."

நான் இதில் எந்த ரகம்? நான் நடிக்கும் சீரியல் கம்பெனிக்குச் சிக்குன்குனியா என்று சொல்லியிருக்கிறேன்.

7.9.2006

இடது கண் மூடவே மாட்டேன் என்கிறது. பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு படுத்தேன்.

11.9.2006

சீரியல் மேனேஜர் கொளஞ்சியப்பன் போன். ப, ம எல்லாம் வாயில் நிற்காமல் காற்றாகப் போகிறது. பூங்கோதை போனைப் பிடுங்கிக்கொண்டாள். "அண்ணனால எழுந்திருக்கவே முடியலிங்க, மூட்டு மூட்டா வலிக்குதாம்."

"இந்த வாரம் சமாளிக்கிறோம்மா. அப்புறம் டைரக்டர் என்ன சொல்றாரோ."

இத்தனை வருஷமாக போஸ்ட்மேன், ஏட்டு, கூட்டத்தில் ஒருத்தன். ஒரு படத்தில் பிணம். இந்தப் பெரியப்பா வேடம் வந்த பிறகுதான் ஜனங்களுக்கு என் முகம் தெரியும். அந்த முகம்தானே போச்சு. வேற என்ன தெரியும் எனக்கு?

15.9.2006

ஆஸ்பத்திரிக்கு, முகத்துக்குக் கரண்ட் வைக்கப் போனேன். துண்டைச் சுற்றியிருந்தும் பஸ் ஸ்டாண்டில் ஒரு அம்மா கண்டுபிடித்துவிட்டார். "டிவில வர்ற பெரியப்பாதான? அய்ய, வாய அப்பிடிக் கோணாதீங்க, சிரிப்பு வருது!"

நானும் சிரித்தேன். அதைப் பார்த்து அந்த அம்மா இன்னும் சிரித்தார்.

20.9.2006

தங்கை வீட்டுக்காரர் தேவநாதன் செராமிக் கம்பெனியிலிருந்து வந்தவர், கைகூடக் கழுவாமல் பக்கத்தில் உட்கார்ந்தார். "மச்சான், எங்க கம்பெனில பேக்கிங்குக்கு ஆள் கேக்குறாங்க. சும்மா சொல்லி வைக்கட்டுமா?"

நல்ல மனுஷன். அவ்வளவு மெதுவாகக் கேட்டார். இனிமே முகம் வராதுன்னு இவரும் முடிவு பண்ணிட்டாரா?

25.9.2006

வேற ஆளைப் போட்டுட்டாங்க. "பெரியப்பா வேடத்தில் இனி பழமலைநாதன்" என்று எழுத்து ஓடியது. பழமலையா! அவனைச் சீரியல் கம்பெனிக்குக் கூட்டிப்போய் அறிமுகம் செய்துவைத்ததே நான்தான்.

பூங்கோதை டிவியை அணைத்தாள். பாவிப்பய, ஒரு வார்த்தை சொல்லலியே. ஒரே ஒரு வார்த்தை—

27.9.2006

பழமலை போனில் பேசினான். "அண்ணே, பெரியப்பா செத்துட்டாருன்னு போட்டோவுக்கு மாலை போட்டுடலாம்னாங்க. பாத்திரம் உசுரோட இருந்தாத்தான் நாளைக்கு நீங்க வர முடியும்? அதான் ஒத்துக்கிட்டேன்."

நம்புவதா? போனை வைத்துவிட்டேன்.

21.10.2006, தீபாவளி

"அண்ணே, புருவம் அசையுது!" பூங்கோதை போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடி வந்தார்கள்.

எனக்குப் பயம்தான் கூடியது. இவ்வளவுதான் வரும் என்று நின்றுவிட்டால்?

22.1.2007, சென்னை

முகம் முக்கால்வாசி வந்துவிட்டது. வேடம் வரவில்லை. ஜனங்கள் பழமலைக்குப் பழகிவிட்டார்கள் என்கிறார் டைரக்டர். "அண்ணனுக்கே குடுத்துடுங்கன்னு பழமலை ரெண்டு தடவை கேட்டான் சார்" என்று என்னிடம் சொன்னார் கொளஞ்சியப்பன். எனக்குப் பெரியப்பாவின் கார் டிரைவர் வேடம்.

இன்று முதல் ஷாட். குளோசப். முதுகெல்லாம் வேர்வை. பாதி வசனத்தில் இடது உதடு இழுத்துக்கொண்டது. எதிரில் நின்ற பழமலை பார்த்துவிட்டான். டைரக்டர் வாய் திறப்பதற்குள், "சாரி சார், என் டயலாக் மறந்துபோச்சு. இன்னொரு டேக் போயிடலாம்" என்றான்.

அத்தனை பேர் முன்னால் திட்டு வாங்கினான். தலையைக் குனிந்து நின்றான்.

அடுத்த டேக் ஓகே.

மத்தியானம் ஒரே பெஞ்சில் சாப்பிட்டோம். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"ரசம் ஊத்திக்குங்கண்ணே," என்றான். "அடுத்த ஷாட்டும் உங்களுக்குத்தான்."